வெட்டிய மரத்துக்கும் தாகம் உண்டு

கிறிஸ்துமஸ் மரம் ஒரு மாதம் பச்சையாக நிற்பதும் பத்தே நாளில் மொட்டையாவதும் வாங்குகிறவர் கையில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள். வான்கோழி விருந்து முடிந்து கை கழுவிய மறுநாளே தெருமுனைகளில் ஒரு திடீர்க் காடு முளைத்துவிடுகிறது. தேவாலய வளாகம், பெட்ரோல் பங்க்கை ஒட்டிய காலி மனை, கடைத்தெருவின் கார் நிறுத்துமிடம் என்று எங்கு பார்த்தாலும் வரிசையாகச் சாத்திவைத்த பச்சை மரங்கள். குழந்தை இருப்பதிலேயே உயரமான மரத்தைக் கை நீட்டிக் காட்டுகிறது. அப்பா விலைச்சீட்டைப் புரட்டிப் பார்க்கிறார். அம்மா ஹாலின் உயரத்தை மனசுக்குள் அளக்கிறார். கடைசியில் ஏதோ ஒரு மரம் கார் கூரைமேல் ஏறுகிறது.

இப்படி வீட்டுக்குப் போகும் நிஜ மரங்கள் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் இரண்டரைக் கோடி முதல் 3 கோடி. பிளாஸ்டிக் மரங்கள் பெரும்பாலான வீடுகளைப் பிடித்துக்கொண்ட பிறகும், ஊசியிலையின் வாசனைக்காகவும் வழக்கத்துக்காகவும் நிஜ மரத்தை விடாதவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள். ஆனால் ஒரே நாளில் வாங்கிய இரண்டு மரங்களில் ஒன்று புத்தாண்டு தாண்டியும் பசுமையாக நிற்கிறது. இன்னொன்று கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவே கம்பளம் முழுக்க ஊசிகளைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கிறது. அதிர்ஷ்டத்துக்கு இதில் பெரிய பங்கு கிடையாது. பாதி விஷயம் கடையில் தீர்மானமாகிறது. மீதி, மரம் வீட்டுக்கு வந்த முதல் சில மணி நேரத்தில்.

ஏழு வருடப் பயிர்

கிறிஸ்துமஸ் மரத்துக்காகக் காடுகளை அழிக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. இன்று கடைக்கு வரும் மரங்களில் ஏறக்குறைய எல்லாமே கரும்பு, வாழை மாதிரி நட்டு வளர்த்த பயிர்தான். ஒரே வித்தியாசம், இந்தப் பயிருக்குப் பொறுமை அதிகம் வேண்டும். ஆளுயரத்தைத் தாண்டிய ஒரு மரம் உருவாகச் சராசரியாக 7 வருடம் ஆகிறது. சில வகைகளுக்கு 10 வருடம்கூட ஆகும். ஒவ்வொரு கோடையிலும் ஆட்கள் நீண்ட கத்தியோடு வயலில் இறங்கி, மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கழித்துக் கூம்பு வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கடையில் தெரியும் அந்த அழகான வடிவம் பாதி இயற்கை, பாதி கூலி வேலை.

அமெரிக்காவில் இந்தச் சாகுபடியில் முன்னணியில் இருப்பவை மேற்கே ஆரிகன் மாநிலமும் கிழக்கே வட கரோலினாவும். இந்தப் பயிரின் நீண்ட கணக்கு எப்படிப்பட்டது என்பதற்கு 2008ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி நல்ல உதாரணம். அப்போது கையில் பணம் இல்லாத விவசாயிகள் கன்று நடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அதன் விளைவு 2016, 2017 வாக்கில்தான் கடைத்தெருவில் தெரிந்தது: மரம் தட்டுப்பாடு, விலை ஏற்றம். அன்று நடாமல் விட்ட கன்றை அந்த டிசம்பரில் யாரும் அவசரமாக வளர்த்துத் தர முடியவில்லை.

டென்மார்க் கதை இன்னும் நீளமானது. ஐரோப்பாவின் விருப்ப மரமான நார்ட்மன் ஃபரை அந்தச் சிறிய நாடு பெரிய அளவில் வளர்த்து அண்டை நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறது. விதை மட்டும் பல நூறு மைல்களுக்கு அப்பால் காகசஸ் மலையில், ஜார்ஜியா நாட்டின் ராச்சா பகுதியிலிருந்து வருகிறது. அங்கே உள்ளூர்க்காரர்கள் செப்டம்பர் மாதத்தில் நெடிய மரங்களின் உச்சிவரை ஏறிக் கூம்புகளைப் பறித்துப் போடுகிறார்கள். நம் ஊர்ப் பனையேறிகளின் பிழைப்பைப் போலவே கால் தவறினால் ஆபத்தான பிழைப்பு. அந்தக் கூம்பிலிருந்து உதிரும் விதை டென்மார்க் மண்ணில் எட்டு, பத்து வருடம் வளர்ந்து, லண்டனிலோ பெர்லினிலோ ஒரு வீட்டு ஹாலில் ஒரு மாதம் நிற்கிறது. அந்த ஒரு மாதத்தையாவது ஒழுங்காக நிற்கவைப்பதுதான் வாங்குகிறவரின் பங்கு.

எந்த மரம்?

எல்லா ஊசியிலை மரமும் ஒன்றுபோலத் தோன்றும். குணம் வேறு வேறு. இலையைப் பிடித்துவைப்பதில் பெயர் வாங்கியவை ஃபர் வகைகள். வட கரோலினாவின் ஃபிரேசர் ஃபர், ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ஜான் ஃபிரேசரின் பெயரைத் தாங்கியது. மென்மையான ஊசி, உறுதியான கிளை; கனமான பொம்மையைத் தொங்கவிட்டாலும் வளையாது. நார்ட்மன் ஃபரும் அப்படித்தான். ஊசி கையில் குத்தாது என்பதால் சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றது. ஆனால் வாசனை குறைவு. வாசனைதான் முக்கியம் என்பவர்களுக்கு பால்சம் ஃபர்.

டக்ளஸ் ஃபர் என்று விற்பது பெயரில் மட்டும்தான் ஃபர். தாவரவியல்படி வேறு இனம். ஸ்காட்ஸ் பைன் காய்ந்த பிறகும் ஊசியை எளிதில் விடாது. இது ஒரு வசதியும் ஒரு ஏமாற்றும். பச்சையாக நிற்கிறதே என்று நம்பியிருந்தால், மரம் உள்ளுக்குள் சருகாகியிருக்கும். நீல ஸ்புரூஸ் பார்வைக்கு வெள்ளிப் பூச்சு பூசிய மாதிரி இருக்கும். ஜோடிக்கிறவர் விரல்களை ஊசி பதம் பார்த்துவிடும்.

மரபு என்று பார்த்தால் முதல் இடம் நார்வே ஸ்புரூஸுக்கு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் செய்த உதவிக்கு நன்றியாக 1947 முதல் ஆண்டுதோறும் ஆஸ்லோ நகரம் லண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்துக்கு அனுப்பிவைப்பது இந்த மரத்தைத்தான். 2021ல் வந்த மரம் நோஞ்சானாக இருக்கிறது என்று லண்டன்வாசிகள் கேலி செய்ததும் செய்தியானது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மையத்தில் நிற்பதும் பெரும்பாலான ஆண்டுகளில் இதே வகைதான். குளிர்ந்த வெளிப்புறத்தில் ராஜா மாதிரி நிற்கும் இந்த மரம், வெப்பமூட்டிய வீட்டுக்குள் வந்தால் மற்ற வகைகளைவிடச் சீக்கிரம் இலையை உதிர்க்கும். ஆகவே விலை மலிவு என்று நவம்பர் கடைசியிலேயே இதை வாங்கிவைப்பது புத்திசாலித்தனம் ஆகாது. பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது வாங்கலாம்.

தட்டிப் பார்த்து வாங்குவது

தேங்காயைத் தட்டாமலும் வெண்டைக்காயின் நுனியை உடைக்காமலும் வாங்காத நம் குடும்பத் தலைவிகளுக்கு இந்தப் பரிசோதனைகள் புதிதாகத் தோன்றாது. கடைக்கு வரும் மரம் வெட்டிச் சில நாட்கள் ஆகியிருக்கலாம். சில வாரங்களும் ஆகியிருக்கலாம். பெரிய பண்ணைகளில் அறுப்பு நவம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. வழியில் லாரியின் காற்றும் கடைவாசலின் வெயிலும் மரத்தின் ஈரத்தைக் குடிக்கின்றன. பச்சை நிறம் மட்டும் சாட்சியாகாது. சில பண்ணைகளில் வெட்டுவதற்கு முன்பே பச்சைச் சாயம் தெளிப்பதும் உண்டு.

முதலில் ஒரு கிளையை விரல்களுக்கு நடுவே லேசாகப் பிடித்து, உட்பக்கத்திலிருந்து நுனியை நோக்கி உருவ வேண்டும். புது மரமானால் ஊசிகள் கிளையிலேயே இருக்கும். கையோடு ஒரு கொத்து வந்தால் அடுத்த மரத்துக்குப் போய்விடலாம். இரண்டாவது, ஃபர் மரத்தின் ஒற்றை ஊசியை வளைத்துப் பார்ப்பது. பசுமையான ஊசி, ஈரமுள்ள காய்கறியைப் போல, சட்டென்று ஒடியும். பைன் மரத்தில் கதை தலைகீழ்: அதன் ஊசி நாராக இருப்பதால் புதிதாக இருந்தாலும் வளையும், ஒடியாது.

மூன்றாவது, மரத்தைச் சற்றே தூக்கி அடிமரத்தைத் தரையில் ஒருமுறை குத்துவது. வெளிப்பக்கத்துப் பச்சை ஊசிகள் பொலபொலவென்று விழுந்தால் மரம் பழசு. உட்பக்கத்திலிருந்து பழுப்பு ஊசிகள் உதிர்ந்தால் பயப்பட வேண்டியதில்லை. மரம் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் தன் பழைய ஊசிகளை இயல்பாகவே கழற்றிவிடும். அவை கிளைகளுக்குள் சிக்கிக் கிடக்கும். நான்காவது, எடை. ஒரே உயரமுள்ள இரண்டு மரங்களில் கனமானதில்தான் தண்ணீர் அதிகம்.

இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. பல பண்ணைகளில் கையில் ரம்பத்தைக் கொடுத்து, பிடித்த மரத்தை நீயே அறுத்துக்கொள் என்று விட்டுவிடுகிறார்கள். வெட்டிய நேரம் தெரிந்த மரத்துக்குச் சோதனை எதற்கு?

வாங்கும் முன் அளவு நாடா ஒன்றும் அவசியம். திறந்த வெளியில் சின்னதாகத் தெரியும் மரம் ஹாலுக்குள் நுழைந்ததும் விசுவரூபம் எடுக்கும். கூரை உயரத்தில் ஓர் அடியாவது குறைவாக இருந்தால்தான், கீழே ஸ்டாண்டும் மேலே நட்சத்திரமும் இடம் பிடிக்கும். அடிமரத்தின் கனம் வீட்டிலுள்ள ஸ்டாண்டுக்குள் நுழையுமா என்பதையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். நுழையவில்லை என்று வீட்டுக்கு வந்து பட்டையைச் செதுக்கினால், மரத்தின் கழுத்தை நெரித்த மாதிரி. தண்ணீரை அதிகமாக உறிஞ்சுவது பட்டைக்கு உடனே உள்ளே இருக்கும் மர அடுக்குகள்தான்.

முதல் ஆறு மணி நேரம்

வெட்டிய மரத்துக்கு வேர் இல்லையே தவிர உயிர் போய்விடவில்லை. இலைகள் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. அடியிலிருந்து அதை ஈடுகட்டத் தண்ணீர் வர வேண்டும். ஆனால் வெட்டிய முகம் காற்றில் காய்ந்தால், தண்ணீர் ஏறும் நுண்ணிய குழாய்களுக்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்கிறது. பிசினும் மேலே படிகிறது. அதற்குப் பிறகு வாளி நிறையத் தண்ணீர் வைத்தாலும் மரத்தால் குடிக்க முடியாது.

அதனால்தான் மரத்தைப் பொருத்தும் முன் அடியில் சுமார் 2 சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு வில்லையை அறுத்துத் தள்ளச் சொல்கிறார்கள். நேராக அறுத்தால் போதும். சாய்வாக அறுப்பது, நடுவில் துளை போடுவது எல்லாம் வீண் வேலை. சாய்வாக அறுத்த மரம் ஸ்டாண்டில் நேராக நிற்காது, அடி முழுதும் தண்ணீரில் மூழ்காது என்பதுதான் மிச்சம். கடையிலேயே அறுத்துத் தந்தால், அங்கிருந்து ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் தண்ணீரில் வைத்துவிட வேண்டும். வழியில் வேறு வேலை, மறுநாள் ஜோடிக்கலாம் என்று தள்ளிப்போட்டால் மறுபடியும் அறுக்க வேண்டியதுதான். உடனே பொருத்த முடியாதவர்கள் ஒரு வாளித் தண்ணீரில் மரத்தை நிறுத்தி நிழலான இடத்தில் சாத்திவைக்கலாம்.

எவ்வளவு தண்ணீர்? அடிமரத்தின் குறுக்களவில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 1 லிட்டர் என்பது கணக்கு. 4 அங்குல மரத்துக்கு 4 லிட்டர் கொள்ளும் ஸ்டாண்டு வேண்டும். பார்க்க அழகான பல ஸ்டாண்டுகளின் கொள்ளளவு இதில் பாதிகூட இருக்காது. முதல் நாளில் மரம் குடிக்கும் வேகத்தைப் பார்த்து வீட்டிலுள்ளவர்கள் ஸ்டாண்டு ஒழுகுகிறதோ என்று தரையைத் தடவிப் பார்ப்பதுண்டு. ஒழுகவில்லை; மரம் அவ்வளவு தாகத்தோடு வந்திருக்கிறது. ஒருமுறை தண்ணீர் அடிமரத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் குழாய் மறுபடி அடைபட ஆரம்பிக்கும். எனவே காலையும் மாலையும் குனிந்து பார்ப்பது ஒரு மாதத்துக்கு வீட்டு வேலைகளில் ஒன்றாகிவிட வேண்டும்.

தண்ணீரில் என்ன கலப்பது என்பதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஆஸ்பிரின் மாத்திரை, சர்க்கரை, தேன், சோடா பானம், வெளுப்புத் திரவம், செப்புக் காசு. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாவர நோய் நிபுணர் கேரி சாஸ்டாக்னர் பல ஆண்டுகளாக வெட்டிய மரங்களை வைத்தே ஆராய்ச்சி செய்தவர். அவரையும் மற்ற நிபுணர்களையும் கேட்டால் கிடைக்கும் பதில் சலிப்பூட்டும் அளவுக்கு எளிமையானது: குழாயில் வரும் சாதாரணத் தண்ணீர். சூடாக வேண்டியதில்லை, ஐஸ் போட வேண்டியதில்லை. சில கலவைகள் இலை உதிர்வதை அதிகப்படுத்தவும் செய்கின்றன. வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் அது குடிக்கப்போவதும் இந்தத் தண்ணீரைத்தான் என்பது இன்னொரு காரணம்.

இலை ஏன் உதிர்கிறது என்பதற்கு ஒரு சுவாரஸ்யமான விளக்கத்தை 2010ல் கனடா நாட்டு விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். வெட்டிய பால்சம் ஃபர் கிளைகள் கொஞ்ச நாளில் எத்திலீன் என்ற வாயுவை வெளியிட ஆரம்பிக்கின்றன. ஊசிகள் கழன்று விழுவதற்கான சமிக்ஞை அதுதான் என்று அவர்கள் கண்டார்கள். மாம்பழத்தையும் வாழைத்தாரையும் பழுக்கவைக்கும் அதே வாயு. அது உருவாவதையோ செயல்படுவதையோ தடுத்தபோது கிளைகள் வழக்கத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் ஊசிகளைப் பிடித்துவைத்திருந்தன. அவர்கள் கையாண்ட ரசாயனங்கள் ஆய்வுக்கூடத்துச் சமாச்சாரம். வீட்டில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: மரத்தை வறட்சியில் தள்ளாமல் பார்த்துக்கொள்வது.

இடம் தேர்ந்தெடுப்பதும் அதில் அடக்கம். கணப்பு அடுப்பு, ஹீட்டர், வெயில் விழும் ஜன்னல், எந்நேரமும் சூடு கக்கும் தொலைக்காட்சிப் பெட்டி, இவற்றின் பக்கத்தில் மரம் நின்றால் தண்ணீர் குடிக்கும் வேகத்தைவிட இழக்கும் வேகம் அதிகமாகிவிடும்.

பற்றினால் ஒரு நிமிடம்

தண்ணீர் ஊற்றுவதில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு? ஊசி கொட்டினால் பெருக்கித் தள்ளிவிடலாமே? பிரச்சினை குப்பையோடு முடிவதில்லை. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் நடத்திய சோதனைகளில், காய்ந்துபோன ஸ்காட்ஸ் பைன் மரத்தில் தீ வைத்தபோது ஒரு நிமிடத்துக்குள் மரம் முழுவதும் ஜுவாலையாகிவிட்டது. பக்கத்தில் இருந்த மேஜை நாற்காலிகளும் தப்பவில்லை. பிசின் நிறைந்த சருகு எண்ணெயில் முக்கிய துணி மாதிரி. நன்றாகத் தண்ணீர் குடித்த மரமோ எளிதில் தீப்பிடிப்பதில்லை.

மெழுகுவர்த்திகளை ஏற்றி மரத்தில் செருகிவைத்த காலத்தில் பக்கத்திலேயே வாளித் தண்ணீரோடு ஆள் நிற்க வேண்டியிருந்தது. 1882ல் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 மின்விளக்குகளை எரியவிட்டார். மின்சாரத்தால் ஆபத்து குறைந்தது, ஒழிந்துவிடவில்லை. இன்றைய எல்.இ.டி. சரங்கள் அதிகம் சூடாவதில்லை என்பது ஆறுதல். ஆனாலும் உறை பிய்ந்த ஒயரை டேப் சுற்றி ஒப்பேற்றுவது, ஒரே பிளக்கில் ஐந்தாறு சரங்களை மாட்டுவது, இரவெல்லாம் எரியட்டும் என்று தூங்கப் போவது, இவை மூன்றும் கூடாது. கிளையைத் தொட்டதும் ஊசி உதிர ஆரம்பித்தால், பண்டிகை முடிந்திருந்தாலும் முடியாவிட்டாலும், மரம் வீட்டைவிட்டு வெளியேற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வெளியேறிய மரத்துக்கும் வேலை இருக்கிறது. பல நகராட்சிகள் ஜனவரியில் மரங்களைச் சேகரித்து, அரைத்துப் பூங்காக்களில் மண்ணுக்கு மூடாக்குப் போடுகின்றன. இங்கிலாந்தின் லங்காஷைர் கடற்கரையில் பழைய கிறிஸ்துமஸ் மரங்களை மணலில் பாதி புதைத்து நட்டு, காற்றில் பறக்கும் மணலைத் தேக்கி மணற்குன்றுகளைக் காப்பாற்றுகிறார்கள்.

இந்திய ஹாலில்

இந்தியாவில் இந்த வெட்டு மர வியாபாரம் கிடையாது. இமயமலையில் ஃபரும் ஸ்புரூஸும் தேவதாருவும் இருந்தாலும் அவை காட்டு மரங்கள். வனத்துறையின் அனுமதி இல்லாமல் வெட்டுவது குற்றம். மேகாலயாவில் டிசம்பர் வந்தால் காசி பைன் கிளைகள் வீடுகளுக்குள் வருகின்றன. தமிழ்நாட்டிலும் மற்றக் கடலோரப் பகுதிகளிலும் பல வீடுகளில் அந்த இடத்தைப் பிடிப்பது சவுக்கு. ஊசியிலை மரம் மாதிரி தோன்றினாலும் சவுக்குக்கும் பைனுக்கும் உறவு கிடையாது. ஊசி என்று நாம் நினைப்பது கணுக்கணுவான அதன் மெல்லிய கிளைகள். சவுக்குக் கிளையை ஈர மணல் நிறைந்த வாளியில் ஊன்றி, தினமும் மணலை நனைத்துவந்தால் சில நாட்கள் தாங்கும். அடுப்பெரிக்க அது எவ்வளவு உகந்த விறகு என்பதை நினைவில் வைத்து, மெழுகுவர்த்தியைத் தள்ளியே வைக்க வேண்டும்.

டெல்லியிலோ பெங்களூரிலோ புனேயிலோ நர்சரிக்குப் போய் நிஜக் கிறிஸ்துமஸ் மரம் வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் தொட்டியில் வைத்த அரோக்கேரியாவைத்தான் எடுத்து நீட்டுவார்கள். படிப்படியாக, குடைக் கம்பி விரித்தாற்போலக் கிளைகள் கொண்ட செடி. இதன் பூர்வீகம் தென் பசிபிக் தீவுகள். இரண்டு வகை புழக்கத்தில் உள்ளன: நார்ஃபோக் தீவுப் பைன், நியூ கலிடோனியாவைச் சேர்ந்த குக் பைன். 1774ல் அந்தப் பக்கம் கப்பலில் போன ஜேம்ஸ் குக்கின் பெயர்தான் இரண்டாவதற்கு. இளம் பருவத்தில் இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். பைன் என்று பெயர் இருந்தாலும் இரண்டுமே பைன் இல்லை.

வெட்டிய மரத்தில் நன்மை தீமை எல்லாம் ஒரு மாதத்தோடு முடிந்துவிடும். தொட்டி மரத்தில் வருகிற டிசம்பரும், அதற்கடுத்த டிசம்பரும் பணயத்தில் இருக்கின்றன. அதனால் தேர்வு இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முதலில் உச்சிக் குருத்தைப் பார்க்க வேண்டும். அது ஒடிந்திருந்தால் மரம் பழைய நேர்த்தியோடு மேலே வளராது. அடுத்து அடிக்கிளைகள். அவை ஒருமுறை காய்ந்து விழுந்தால் அந்த இடத்தில் மறுபடி துளிர்க்காது. ஆகவே அடிவரை பச்சையாக உள்ள செடியே உத்தமம். நெருக்கமாகத் தெரிய வேண்டும் என்று ஒரே தொட்டியில் இரண்டு மூன்று கன்றுகளைச் சேர்த்து வைப்பதும் உண்டு. நீண்ட காலம் வைத்திருக்க நினைப்பவர்கள் ஒற்றைத் தண்டுள்ளதாகக் கேட்டு வாங்கலாம். தொட்டியின் அடித்துளை வழியாக வேர் வெளியே சுருண்டு கிடந்தால் செடி நெடுநாளாகத் தவித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வெள்ளிப் பெயின்டும் ஜிகினாத் தூளும் அடித்த செடிகளைத் தவிர்ப்பது நல்லது. இலையின் மூச்சையும் வெளிச்சத்தையும் அந்தப் பூச்சு மறைத்துவிடும்.

வீட்டுக்கு வந்தபின் இதற்கு வேண்டியது நல்ல வெளிச்சம். ஹாலின் இருட்டு மூலையில் ஒரு மாதம் நிறுத்தினால் அடிக்கிளைகள் ஒவ்வொன்றாகப் பழுக்கத் தொடங்கும். பண்டிகையை ஒட்டி ஒரு வாரம், பத்து நாள் உள்ளே வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் வெளிச்சமான பால்கனிக்கோ வராந்தாவுக்கோ அனுப்பிவிடலாம். வெளியே கொண்டுபோன முதல் நாளே உச்சி வெயிலில் வைத்தால் கருகிவிடும். சில நாள் நிழலில் பழக்க வேண்டும். ஏ.சி. காற்று நேராகப் படக் கூடாது. டெல்லியின் குளிர்கால ஹீட்டரும் இதற்கு ஆகாது. மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் போதும்; தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிட வேண்டும். வெட்டிய ஃபருக்குத் தண்ணீர் குறைந்தால் ஆபத்து, இதற்குத் தேங்கினால் ஆபத்து. கிளைகள் மெல்லியவை என்பதால் காகித நட்சத்திரம், பஞ்சு, இலேசான சரம் தாங்கும். கண்ணாடி உருண்டைகளைத் தாங்காது.

இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை கொஞ்சம் பெரிய தொட்டிக்கு மாற்றினால் வீட்டுக் குழந்தையோடு போட்டி போட்டு மரம் வளரும். பிறகு தோட்டத்தில் நட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை பெங்களூர் லால்பாக்குக்குப் போய் அங்கே வானளாவ நிற்கும் அரோக்கேரியாக்களை அண்ணாந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. சுற்றுச்சுவரை ஒட்டி நடத்தக்க மரம் இல்லை. குக் பைனுக்கு ஒரு விசித்திரப் பழக்கமும் உண்டு. உலகின் பல நாடுகளில் அளந்துபார்த்த ஆய்வாளர்கள், இந்த மரங்கள் பூமத்திய ரேகை இருக்கும் திசை நோக்கிச் சாய்ந்து வளர்வதை 2017ல் உறுதிசெய்தார்கள். அப்படியானால் நம் நாட்டில் தெற்குப் பக்கம் சாய வேண்டும். அடுத்தமுறை ஒரு பழைய கல்லூரி வளாகத்திலோ மலைவாசஸ்தலத்திலோ இந்த மரத்தைக் காண்கிறவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நார்த் கரோலினாவில் ஏழு வருடம் வளர்ந்ததானாலும் சரி, நர்சரியிலிருந்து ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்ததானாலும் சரி, ஜோடனைக்கு அடியில் இருப்பது ஒரு செடி. விளக்குச்சரத்தின் சுவிட்சைத் தட்டுகிற கை, தட்டும் முன் ஒருமுறை கீழே குனிந்து தண்ணீர் இருக்கிறதா, மண் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தால் போதும். நாளுக்கு ஒரு நிமிட வேலை. வீட்டில் அதை யார் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் நட்சத்திரத்தைக் கட்டுகிற அன்றே பேசி முடித்துவிட வேண்டும்.